ஒன்றாம் பெட்டிக்கு ஐந்து சதவீதம்

1. ஒரே வாத்தியாரை ஏழு தடவை அனுப்பியது

சோதனை ஓட்டத்தின் முதல் நாளே மானம் கப்பலேறியது. தர்மபுரியில் ஒரு அறையில் இயற்பியல் ஆசிரியர் நின்று பாடம் நடத்தினார். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஏழு பள்ளிகளில் ஏழு திரைகள். ஏழிலும் அவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். ஒரு பள்ளியில் மட்டும் கொட்டாவி விடுவது போன்ற நிலையில் கால் மணி நேரம் நின்றாராம். பிள்ளைகள் அதை ரசித்துப் பார்த்ததாகத் தகவல் வந்தது.

இந்தக் குறிப்பை எழுதும் நான் ஒரு கண்ணாடி இழை நெட்வொர்க் ஒப்பந்த நிறுவனத்தில் பிளானிங் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிகள் இருந்த ஊர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நாங்கள் வைத்த பெட்டிகளின் எண்களையே சொல்கிறேன். அந்த ஊர்களில் இன்னும் எனக்குக் காபி கொடுக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

பிரச்சனை எளிது. தர்மபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரை உள்ள லைனில் எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் குறைவு. அந்தக் குறுகிய வழியில் ஒரே வாத்தியாரை ஏழு தனித்தனிப் பிரதிகளாக அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏழு பேருக்கும் ஒரே பாடம்தானே, ஒரு பிரதி போதுமே, அதைக் கடைசியில் பிரித்தால் ஆகாதா என்று மீட்டிங்கில் கேட்டேன். இதற்குத்தான் எங்கள் தொழிலில் மல்டிகாஸ்ட் என்று பெயர். எங்கள் மேனேஜர் ரங்கராஜன் அந்தச் சொல்லை உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அது அவருடைய யோசனையாகிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. யோசனைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால்தான் சாமான் வாங்க அனுமதி கிடைக்கும்.

2. கேட்டலாக் சொன்னதும் ரூம் சொன்னதும்

பிரிக்கும் இடத்துக்கு நோட் என்று பெயர். ரங்கராஜன் ஒரு வெளிநாட்டு கேட்டலாக்கைக் கொண்டு வந்தார். அதில் இருந்த நோட் பீரோ அளவு பெரியது. அதற்கு ஏசி வேண்டும், இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் வேண்டும், தூசி ஆகாது. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்களுக்குக் கிடைத்த அறையில் ஒரு ஃபேன் இருந்தது. அதுவும் பக்கத்து அறை கிளார்க்குடைய சொந்த ஃபேன். அவர் லீவு போடும்போது கையோடு எடுத்துப் போய்விடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் கரண்ட். அந்த நோட்டை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று வைத்தால், மூன்றாம் ஊரில் கரண்ட் போனதும் அதற்கு மேலே உள்ள நான்கு ஊர்களிலும் பாடம் நின்றுவிடும். எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு நேரத்தில் கரண்ட் போகும். ஆக எந்த நேரத்திலும் ஏதாவது ஓர் ஊரில் இருக்காது. அப்படியானால் கடைசி ஊரில் பாடமே நடக்காது.

கரண்டே தேவைப்படாத ஒன்றைப் போட்டேன். அதற்குக் கப்ளர் என்று பெயர், விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே கண்ணாடி இழை இரண்டாகப் பிரியும், அவ்வளவுதான். வருகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை அந்த ஊருக்கு இறக்கிவிட்டு மீதியை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும். கரண்ட் போனால் அதற்குக் கவலையில்லை, பல்லி முட்டையிட்டாலும் கவலையில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரே ஒரு லேசர், அதிலிருந்து ஒரே ஒரு இழை, வழியில் ஆறு ஊர்களில் ஆறு பெட்டிகள், கடைசியில் சித்தேரி மலை மேலே ஏழாவதாக ஒரு பள்ளிக்கூடம்.

எந்தப் பெட்டியில் எவ்வளவு இறக்குவது என்பதுதான் கணக்கு. முதல் ஊரில் வெளிச்சம் நிறைய இருக்கும், அதில் துளி எடுத்தால் போதும். போகப் போக, ஊர்கள் எடுப்பதாலும் இழையின் தூரமும் ஒட்டுகளும் தின்பதாலும் குறையும், ஆகவே பின்னால் உள்ள ஊர்களில் பெரிய பங்காக எடுக்க வேண்டும். ஐந்து, ஐந்து, பத்து, பத்து, இருபது, முப்பது என்று போட்டேன். ஆறாம் பெட்டி எடுத்தது போக மீதி முழுவதும் மலைக்கு. மீட்டரை வைத்து அளந்தால் ஏழு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் வந்தது. ஏழு திரைகளிலும் வாத்தியார் கையை ஆட்டிப் பேசினார். எங்கள் ஸ்ப்ளைசர் முனிராஜ், மாரண்டஹள்ளிக்காரர், இழை ஒட்டுவதில் கெட்டிக்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர், "பரவால்லீங்க மேடம்" என்றார். அதுவே பெரிய சர்டிபிகேட்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பின்னால் வேலை பார்க்க வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெரிய எழுத்தில் சதவீதத்தை எழுதி ஒட்டினேன்.

3. முன்னூறு சதவீதம்

ஒன்றாம் பெட்டி உள்ள ஊர்தான் அந்த வரிசையில் பெரிய ஊர். சந்தை உண்டு, பஸ் நிற்கும். பஞ்சாயத்துத் தலைவர் மாதையன், நிலபுலன் உள்ள மனிதர். பள்ளிக்கூடத்துக்குக் கொடியேற்ற வந்தவர் பெட்டியைப் பார்த்தார். ஐந்து சதவீதம் என்று எழுதியிருந்தது. யாரையோ விட்டு மற்ற பெட்டிகளையும் பார்த்துவரச் சொன்னார். ஆறாம் பெட்டியில் முப்பது.

மூன்றாம் நாள் எங்கள் அலுவலகத்தில் நான்கு தலைவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ஏங்க மேடம், எங்கூரு வழியாத்தான் ஒயரு போவுது. எங்கூரு ரோட்டத்தான் நோண்டுனீங்க. எங்களுக்கு அஞ்சு, அந்தாண்ட நாப்பது வூடு இருக்கற ஊருக்கு முப்பது. மிச்சம் மொத்தமும் மலைக்கு. இது எந்த ஊரு நாயங்க?" என்றார்.

நான் விளக்கினேன். நிறைய உள்ள இடத்தில் ஐந்து என்பதும் குறைவாக உள்ள இடத்தில் முப்பது என்பதும் ஒன்றுதான் என்றேன். நான்கு தலைவர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. கொடுப்பதைக் குறைத்துவிட்டு அது நிறையதான் என்று சொல்லும் அதிகாரிகளை அவர்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ரங்கராஜன் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று எல்லாப் பெட்டிகளிலும் ஐம்பதுக்கு ஐம்பது கப்ளர் போட வேண்டும். அதற்குச் சம ஒளித் திட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆறு ஊர்களுக்கும் தலா ஐம்பது சதவீதம். கூட்டிப் பாருங்கள். நூறு சதவீத வெளிச்சத்தில் முன்னூறு சதவீதத்தைப் பங்கிட்டுக் கொடுத்த ஒரே நிறுவனம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மலைக்கு எவ்வளவு என்று அந்த உத்தரவில் இல்லை. மலையிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை அல்லவா?

முனிராஜ் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு மெஷினை எடுத்து ஜீப்பில் வைத்தார். ஆறு பெட்டிகளையும் ஒரே நாளில் மாற்றினோம்.

பலன் அன்றே தெரிந்தது. நடுவில் உள்ள நான்கு ஊர்களில் படம் வந்தது. ஆறாம் ஊரில் விட்டு விட்டு வந்தது. ஏழாவதாக உள்ள மலைப் பள்ளியில் ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு ஊரும் பாதிப் பாதியாக எடுத்த பிறகு அங்கே போய்ச் சேர வெளிச்சம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் முதல் ஊரிலும் படம் இல்லை. அங்கே வெளிச்சம் பத்து மடங்காகிவிட்டது. ரிசீவரால் அவ்வளவைத் தாங்க முடியாது. வெயிலை நேராகப் பார்த்தால் நமக்குக் கண் தெரியாமல் போகிற மாதிரிதான். ஆனால் மாதையன் புகார் செய்யவில்லை. முனிராஜ் போய் விசாரித்தபோது, "படம் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும். பங்கு வந்துருச்சு இல்லீங்களா?" என்று சொல்லியனுப்பினார்.

4. மலையிலிருந்து வந்த ஃபோன்

புகார் மலையிலிருந்து வந்தது. அங்கே தலைமையாசிரியை ஜெயந்தி டீச்சர். அந்தப் பள்ளியில் பிளஸ் டூ வரை உண்டு. அறிவியல் பிரிவும் உண்டு, இயற்பியல் ஆசிரியர்தான் இல்லை. கீழேயிருந்து யாரைப் போட்டாலும் ஒரு மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால்தான் இந்தத் திரையே அங்கே போனது.

"மேடம், வர்ற வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. திரை ஓடலன்னா சயின்ஸ் குரூப்ப மூடிட்டு பதினோரு புள்ளைங்களயும் கீழ இருக்கற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களாம், லெட்டர் வந்துருக்குது. அதுல எட்டு பொட்டப் புள்ளைங்க. தெனமும் எறங்கி ஏற பஸ்ஸு கெடையாது. கீழ யாரு வூட்ல தங்கும்? அவங்க அப்பாருங்க அனுப்ப மாட்டாங்க மேடம். படிப்பு அதோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க" என்றார்.

அழவில்லை, கெஞ்சவுமில்லை. கடைசியில் ஒன்று கேட்டார். போன வாரம் வந்த வெளிச்சம் இந்த வாரம் எங்கே போனது என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த உத்தரவை நான் எழுதவில்லை, ஆனால் கையில் கத்தரியோடு நின்றது நான்தான்.

ரங்கராஜனிடம் போனேன். பழையபடி மாற்ற அனுமதி கேட்டேன். "மேடம், பப்ளிக் கேட்டாங்க, குடுத்துட்டோம். இப்ப டெக்னிக்கலா பேசி அவங்கள டிஸ்டர்ப் பண்ணாதீங்க. மலைக்கு வேற ஏதாவது பாருங்க, ஒரு பூஸ்டர் மாதிரி" என்றார். பூஸ்டருக்கு ஏசியும் கரண்டும் வேண்டும் என்றேன். அப்படியானால் அதற்கு ஒரு தனித் திட்டம் எழுதுங்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

5. கூறு

திங்கட்கிழமை ஒன்றாம் பெட்டிக்குப் போனேன். அதிக வெளிச்சத்தைக் குறைக்க அட்டெனுவேட்டர் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. அதைப் போட்டால் அந்த ஊரிலாவது படம் வரும். அன்று அங்கே மாரியம்மன் பண்டிகை. ஊர்ப் பொது ஆட்டை வெட்டிக் கோயிலுக்குப் பின்னால் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதையன் அங்கேதான் இருந்தார். பண்டிகைக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

பனை ஓலைப் பாய் மேல் கறியைக் குவியல் குவியலாக வைத்தார்கள். ஒருவர் எல்லாக் குவியலிலும் ஈரல் துண்டு இருக்கிறதா, எலும்பு சமமா என்று பார்த்து, இதிலிருந்து எடுத்து அதில் போட்டார். பிறகு ஒருவர் குவியலுக்கு முதுகைக் காட்டி நின்றார். பாய்ப்பக்கம் இருப்பவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமலே ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். எந்தக் கூறு எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் சண்டை இல்லை. ஆட்டின் எந்த இடத்தில் எத்தனை சதவீதம் வெட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. குவியல் சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தார்கள்.

இந்த விஷயம் என் மண்டையில் ஏற அரை மணி நேரம் பிடித்தது. நான் பெட்டியில் எழுதி ஒட்டியது வெட்டின் கணக்கு. அவர்கள் கேட்டது குவியலின் கணக்கு. இத்தனை வருஷ சர்வீஸில் இந்த வித்தியாசத்தை எனக்கு ஒரு செமினாரிலும் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் மாதையன் என்னோடு பள்ளிக்கு வந்தார். அட்டெனுவேட்டரைப் போட்டதும் படம் வந்தது. அவருக்குச் சந்தோஷம். அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று கேட்டார். வருகிற வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கை அழித்துவிடுகிறது என்றேன்.

"அழிச்சுட்டா? அது எங்க போவுதுங்க?"

"எங்கியும் போகலீங்க. இங்கியே வீணாப் போவுது. மலைக்குப் போக வேண்டியதுங்க அது."

நான் ஜெயந்தி டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன், பதினோரு பிள்ளைகள், வெள்ளிக்கிழமை, எல்லாம். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசியதாக நினைக்க வேண்டாம். டீச்சர் சொன்னதை ஒப்பித்தேன், அவ்வளவுதான்.

"கூறு வாங்குன கறிய குப்பையில கொட்டறவன் எங்கூர்ல இல்லீங்க" என்றார் மாதையன். "ஆனா நீங்க சொல்றீங்கன்னு நான் அந்த அஞ்சு சதவீதத்த ஒத்துக்க முடியாது. காமிங்க. நானே பாக்கறேன்."

6. மீட்டர் மடியில்

செவ்வாய்க்கிழமை நானும் முனிராஜும் பழைய கப்ளர்களை எடுத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். மாதையன் முன் ஸீட்டில், மடியில் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர். ரங்கராஜனிடம் பராமரிப்புப் பணி என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை.

ஒன்றாம் பெட்டியில் அட்டெனுவேட்டரையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெட்டியாக மாற்றிக்கொண்டே போனோம். அளவு மட்டும் எடுக்கவில்லை, எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது எடுப்பதாக ஏற்பாடு. கடைசியில் மலையேறினோம். பள்ளிக்கூடத்தில் ஜெயந்தி டீச்சர் திரையைப் போட்டு வைத்திருந்தார். பதினோரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்துக் குறிப்பெழுதத் தயாராக இருந்தார்கள். முனிராஜ் கனெக்டரைச் சொருகினார். வாத்தியார் வந்துவிட்டார், பாதி வாக்கியத்தில். யாரும் கை தட்டவில்லை. பேனா எல்லாம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாதையன் கதவோரம் நின்றார்.

அங்கே ஒரு அளவு எடுத்தார். இறங்கும் வழியில் ஆறு பெட்டிகளிலும் நிறுத்தி மீட்டரை அவரே சொருகி, எண்ணை அவரே ஒரு சீட்டில் எழுதி, சீட்டின் பின்பக்கம் ஊர்ப் பெயரை எழுதினார். ஒன்றாம் பெட்டி வந்ததும் ஏழு சீட்டுகளையும் பள்ளி வராந்தாவில் பரப்பி வைக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். முனிராஜ் ஒரு சீட்டைத் தொட்டு, "இது ஆருக்குங்க?" என்றார். மாதையன் ஒவ்வோர் ஊராகச் சொன்னார். திரும்பிப் பார்த்தார். அவருடைய ஊருக்கு விழுந்தது தொண்ணூற்றைந்து மைக்ரோவாட் என்று எழுதிய சீட்டு. மற்றவையும் எழுபத்தைந்துக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில்தான் இருந்தன.

"இதுல அந்த அஞ்சு சதவீதம் எதுங்க மேடம்?"

எனக்கே தெரியவில்லை. சீட்டைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நூறு என்று எழுதியது அவருடையது. அவர் கையில் விழுந்த தொண்ணூற்றைந்து மலைப் பள்ளியுடையது.

மாதையன் சிரிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சதவீதத்தைக் கிழித்துவிட்டு, கூறு என்று எழுத வேண்டும். கூறு ஒன்று, கூறு இரண்டு, இப்படி ஆறு வரை, மலைப் பள்ளியில் கூறு ஏழு. மற்றத் தலைவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பேசினார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வந்து போனது. அறிவியல் பிரிவு மலையிலேயே இருந்தது.

7. ஃபைல்

ரங்கராஜனின் உத்தரவு ரத்தாகவில்லை. ரத்து செய்தால் முதலில் போட்டது தப்பு என்றாகிவிடும். ஆகவே ஃபைலில் ஐம்பதுக்கு ஐம்பது அப்படியே இருந்தது, ஊரில் ஐந்தும் முப்பதும் இருந்தன. சம ஒளித் திட்டத்தைப் பற்றி அவர் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்து, பெரிய பதவிக்குப் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலை நடக்கிறது, ஃபைலில் என்ன இருந்தால் என்ன என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற நாளில் மாலையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம் ஒரு ஃபோன். என் இடத்தில் வந்திருக்கும் இன்ஜினியர். நல்ல பையன், ஒழுங்கானவன், அதுதான் ஆபத்து. ஃபைலைப் படித்திருக்கிறான். ஆறு பெட்டிகளிலும் தவறான கப்ளர் இருப்பதைக் கண்டுபிடித்து, ஃபைலில் உள்ளபடி சரிசெய்ய ஐம்பதுக்கு ஐம்பது கப்ளர்களோடு முதல் ஊருக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு பெரியவர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு திறக்கவிட மாட்டேன் என்கிறாராம். அவர் இப்போது தலைவர் பதவியில்கூட இல்லையாம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். ஃபோனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மேடம், நல்லாருக்கீங்களா?" என்றார் மாதையன். "இந்தத் தம்பி எனக்கு அம்பது தர்றேங்குது. நான் வேண்டாங்கறேன். மலைக்காரங்க கூறு இதுக்குள்ள போவுது, அத எடுத்து நான் வூட்டுல வெச்சு என்னங்க பண்றது?"

அன்று ஒரு பெரியவர் தன் வேலையை விட்டுவிட்டு வெயிலில் உட்கார வேண்டி வந்தது நான் ஒரு ஃபைலைத் திருத்தாமல் வந்ததால். அவர் அன்று வெளியூர் போயிருந்தால் மலையில் மறுபடி இருட்டு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஊரில் சரியாக முடித்த வேலையை ஃபைலிலும் சரியாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வெட்டியதை எழுத வேண்டாம், போய்ச் சேர்ந்ததை எழுதுங்கள்.

ஃபைலைத் தொடும் உரிமை இப்போது எனக்கு இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றாம் பெட்டிக்கு ஐந்து. இரண்டுக்கு ஐந்து. மூன்றுக்கும் நான்குக்கும் பத்து, பத்து. ஐந்துக்கு இருபது. ஆறுக்கு முப்பது. மீதி இருப்பது அத்தனையும் மலைக்கு. போய்ச் சேர வேண்டியது ஏழு இடத்திலும் ஏறக்குறைய நூறு மைக்ரோவாட். சந்தேகம் வந்தால் ஃபைலைப் பார்க்க வேண்டாம், மாதையனைக் கேட்கவும்.